எண்ணியது நாலு, வைத்தது மூன்று

கத்திரி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக் கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் உள்ளே வரும்போது அவள் சிரிப்பாள், "வாங்க, வாங்க" என்பாள். அதே நேரத்தில் அவளுடைய இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போகும். சுண்டுவிரலின் அடிக்கணு ஒருவர், நடுக்கணு இரண்டாமவர், மேல்கணு மூன்றாமவர். நாலாவது ஆளுக்கு மோதிர விரலின் அடி. எத்தனை பேர் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கட்டைவிரல் எந்தக் கணுவில் நிற்கிறதோ அத்தனை செட் அலமாரியிலிருந்து எடுப்பாள். செட் என்றால் ஒரு தட்டு, மூடி போட்ட ஒரு எவர்சில்வர் கிண்ணம், ஒரு நீளக் கரண்டி, சாப்பிட ஒரு ஜோடிக் குச்சி.

பதினோரு வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. கழுவும் அறைக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரில், எச்சில் பாத்திரங்களைத் தள்ளிவிட ஒரு சதுர ஓட்டை உண்டு. நான் நிற்கிற உயரத்திலிருந்து அதன் வழியாகப் பார்த்தால் கூடத்தில் யாருடைய முகமும் தெரியாது. கழுத்துக்குக் கீழே இடுப்பு வரைக்கும்தான் தெரியும். அதனால் எனக்கு எல்லாரையும் கைகளால்தான் தெரியும். முகம் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். நான் அதிகம் குனிவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேச வராது. அக்கா எனக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. அவசரத்துக்குப் பூச்சி.

எங்கள் கடை கொரியக் கடை. மேசையிலேயே நெருப்பு வைத்து, இறைச்சியை அங்கேயே சுட்டு, கீரை இலையில் சுருட்டிச் சாப்பிடுவார்கள். மொத்தம் ஒன்பது மேசை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டப் பள்ளம். பின்கட்டில் கரி அண்ணன் கரியைக் கனலவிட்டு, வாளியில் தூக்கிக்கொண்டு வந்து பள்ளத்தில் இறக்குவார். மேலே இரும்பு வலை போடுவார்கள். கூரையிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் ஒரு புகைக்குழாய் யானைத் தும்பிக்கை மாதிரித் தொங்கும். கீழே இழுத்துவிட்டால் புகையை உறிஞ்சும். காலையில் கடை திறப்பதற்கு முன் நான் தனியாகத் தரை துடைக்கும்போது, மேசைகளில் ஒன்பது கறுப்புப் பள்ளங்கள் வாய் திறந்திருக்கும். விசிறி ஓடாது. ஆனாலும் குழாய்கள் மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மாடியில் காற்றடித்தால் அப்படித்தான் கேட்கும் என்று கரி அண்ணன் சொன்னார். இருக்கலாம்.

அக்கா சின்ன வயதில் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டியவள். கத்திரி அவள் கையில் ஆறாவது விரல். வலையில் கிடக்கிற நீள இறைச்சித் துண்டை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கச் கச் என்று ஒரே அளவாக வெட்டிப் போடுவாள். புதிதாக வருகிறவர்கள் கத்திரியைப் பார்த்து விழிப்பார்கள்.

"என்னங்க, துணியா வெட்டப் போறீங்க?"

"ஆமா. ஒரு சட்டை தைச்சுத் தரேன், சூடா போட்டுக்கிட்டுப் போங்க" என்பாள். மேசையே சிரிக்கும்.

முதல் தடவை அவள் எடுத்த கணக்குத் தவறியபோது நாங்களும் சிரித்தோம்.

ஒருநாள் மதியம் ஒரு இளம் ஜோடி வந்தது. அக்காவின் கட்டைவிரல் இரண்டாவது கணுவில் நின்றதைப் பார்த்தேன். கை மூன்று செட் எடுத்தது.

"இன்னும் யாரு வராங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அய்யோ, கை தவறிடுச்சும்மா."

மூன்றாவது கிண்ணம் யாரும் தொடாமல் சுத்தமாக என்னிடம் திரும்பியது. சுத்தமாக இருந்தாலும் கழுவத்தான் வேண்டும். ஏழு மாதம் கழித்து அதே பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏன்க்கா, டாக்டருக்கு முன்னாடி நீ தட்டு வச்சே சொல்லிட்டியே! வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாமா?"

"போடா, கரிமூட்டை."

கட்டைவிரல் இரண்டில் நின்றதையும் கை மூன்று எடுத்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது, பக்கத்துத் தெரு டயர் கம்பெனி ஆபீஸ்காரர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆறு பேராக வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விரல் ஆறில் நின்றது. வந்தது ஐந்து செட். அவர்களில் ஒருவர் நெட்டையானவர், சத்தமாகச் சிரிப்பவர். அவர் முன்னால்தான் மேசை காலி. "என்மேல என்னங்க கோபம்? பட்டினி போட்டு ஊருக்கு அனுப்பப் பார்க்கறீங்களா?" என்றார். அக்கா ஓடிப்போய் எடுத்து வந்தாள். மூன்று வாரம் கழித்து ஐந்து பேர்தான் வந்தார்கள். நெட்டையருக்கு மாற்றலாகிவிட்டதாம். நிஜமாகவே ஊருக்கு அனுப்பிவிட்டாயே என்று கரி அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாவது நடந்தபோது யாருமே சிரிக்கவில்லை. மாதம் இரண்டு முறை வருகிற வயதான கணவன் மனைவி. அந்த அம்மாவின் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கும், அது எனக்குத் தெரியும். பெரியவர் கையில் ஒரு பழைய கடிகாரம், வார் தளர்ந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்று விரல் இரண்டில் நின்றது. அக்கா ஒரே ஒரு செட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் வைத்தாள். பெரியவர் தன் முன்னால் இருந்த வெறும் மரத்தின்மேல் கையைக் கவிழ்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடிகாரம் அசையவே இல்லை. அக்கா அடுத்த செட்டைக் கொண்டுவந்து அந்தக் கையின் பக்கத்தில் வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து அந்த அம்மா மட்டும் வந்தார். அதே பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் இரண்டு பேருக்கு இறைச்சி சொன்னார். அக்கா அவருக்கு ரொம்பப் பொடியாக, குழந்தைக்கு வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு அக்கா எடுக்கும்போது வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். கிண்ணங்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பாள். ஒன்றே முக்கால் வருஷம் ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனால் எங்களுக்குள் ஒன்று மாறிவிட்டது. கடை திறப்பதற்கு முன் நாங்கள் ஏழு பேரும் ஒன்பதாம் மேசையில் சேர்ந்து சாப்பிடுவோம். கிண்ணம் வைப்பது எப்போதும் அக்காதான். அவள் வைக்கும்போது அரட்டை நின்றுவிடும். ஏழாவது கிண்ணம் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் யாராவது உப்பு கேட்பார்கள்.

"எனக்கு நானே எடுத்துக்கறேன்க்கா" என்று கரி அண்ணன் ஒருநாள் விளையாட்டு மாதிரிச் சொன்னார். அக்கா கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தாள்.

இனி அவளுடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இல்லாமல் அக்காவின் கதை இல்லை.

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினாறு, தம்பிக்கு எட்டு. அப்பா அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார். துணிக் கம்பெனியில் கொடுக்கிற மதியச் சாப்பாட்டில் பாதியை மூடிக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுப்பாளாம். "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டால் "கம்பெனியிலேயே முடிச்சிட்டேன்டா." வீட்டில் இரண்டு பேர், தட்டு ஒன்றுதான் கீழே இறங்கும். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. இவனை எங்கே விடுவது என்று அவள் கேட்டாள். பதில் சொன்னவர்கள் இல்லை. அப்படியே போய்விட்டது. அவன் படித்து வயரிங் வேலை கற்றுக்கொண்டான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகள் பிறந்தாள். அக்கா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள்.

தம்பிக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாகப் போக ஆசை. ஆறு வருஷம் பரீட்சை எழுதினான். கடைசியில் கிடைத்தது. இரண்டு வருஷ வேலை. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், கம்பெனி உத்தரவு எல்லாம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்காவின் இரும்புப் பீரோவில் வைத்திருந்தான். அவன் வீடு மழைக்கு ஒழுகும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், அக்காவின் விடுமுறை நாளில், மதியம் நாலு பேரும் கடைக்கு வந்தார்கள். தம்பி மகளின் பிறந்தநாளும் அன்றுதான். ஐந்தாம் மேசை. எனக்கு நேர் எதிர்.

புதிதாகச் சேர்ந்த பரிமாறும் பெண் செட் எடுக்க வந்தாள். அக்கா எழுந்துவிட்டாள்.

"நீ போம்மா. எங்க வீட்டு ஆளுங்களுக்கு நான் வைக்கிறேன்."

"உக்காருங்க அண்ணி, இன்னிக்காவது" என்றாள் தம்பி மனைவி.

"எனக்கு இந்தக் கடையில உக்காரத் தெரியாதும்மா. நின்னே பழகிட்டேன்."

அலமாரி என் ஓட்டைக்குப் பக்கத்தில்தான். அக்காவின் இடது கை எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சுண்டுவிரல் அடிக்கணுவைத் தொடும்போது கை அவள் நெஞ்சுப் பக்கம் திரும்பியது. அது அவள். நடுக்கணு, தம்பி. மேல்கணு, அவன் மனைவி. மோதிர விரலின் அடி, குழந்தை. அங்கே நின்றது. "நாலு" என்று அவள் வாயும் சொன்னது. வலது கை கிண்ணத்தை எடுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு அலமாரிக் கதவை மூடியது.

இன்னொண்ணு அக்கா, என்று சொல்ல என் நாக்கு மேலண்ணம் வரை வந்தது. வாடிக்கையாளர்கள் இருக்கும்போது நான் பேசுவதில்லை.

குழந்தை முன்னால் ஒன்று வைத்தாள். தம்பி மனைவி முன்னால் ஒன்று. மூன்றாவதைத் தனக்கும் தம்பிக்கும் நடுவில், மேசை ஓரத்தில் வைத்தாள். அப்புறம்தான் கையில் ஒன்றுமில்லை என்று கண்டாள். புகைக்குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. 

தம்பிதான் சிரித்தான். "பாரேன், ஊருக்கெல்லாம் வச்சு வச்சு உன்னையே மறந்துட்டே. இந்தா, இது உனக்கு. எனக்கு நான் எடுத்துக்கறேன்." எழுந்து வந்து அலமாரியைத் திறந்து ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனான்.

அக்கா அன்று கத்திரியைத் தொடவில்லை. இறைச்சி ஒரு பக்கம் கருகியது.

மறுநாள் காலை நான் வலைகளை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கழுவும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் கதவைச் சாத்தியதில்லை.

"பூச்சி. நீ என் கையைப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து நான் என்னைச் சேர்த்து எண்ணினேனா, இல்லையா? சேர்க்கலேன்னா ஒண்ணும் இல்லை. என் பழக்கம் அது, சின்ன வயசுலேர்ந்து. தம்பி சொன்ன மாதிரி என்னை மறந்திருப்பேன். சேர்த்து எண்ணியிருந்தா…" அவள் முடிக்கவில்லை. "நீ பார்த்ததைச் சொல்லு. எத்தனை?"

குழாய்த் தண்ணீரை நிறுத்தினேன். மூன்று என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. கேட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

"நாலு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் அவள் ஒரு பழைய அரிசிப் பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே சப்பையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. பையின் ஓரத்தில் நீலம் தெரிந்தது.

"இதை எங்கேயாவது வை. எங்கேன்னு என்கிட்டகூடச் சொல்லாதே. அவன் முகத்தைப் பார்த்தா நான் சொல்லிடுவேன்."

"அக்கா…"

"அவன் போனா திரும்பி வர மாட்டான், பூச்சி. கோபிச்சுக்கட்டும். உயிரோட இருந்து கோபிச்சுக்கட்டும்."

பாத்திரம் வடிகிற தட்டுக்குக் கீழே, சோப்புத் தூள் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கே இருந்தது. நான் கழுவிக் கவிழ்க்கிற ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் சொட்டுகிற தண்ணீர் அந்தப் பையின்மேல் விழுகிறதோ என்று அடிக்கடி குனிந்து பார்ப்பேன். விழவில்லை. ஆனாலும் சொட்டுகிற சத்தம் பைக்குள்ளிருந்து வருவது போலவே இருக்கும்.

புதன்கிழமை காலை அவன் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. செவ்வாய் மதியம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், தம்பி கடைக்கு வந்தான். முதலாளியம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அக்காவின் பெட்டியில் தேடினான். உடுப்பு மாற்றும் அறையில் தேடினான். அக்கா பின்னாலேயே நடந்தாள். "பீரோவுலதான்டா இருந்துச்சு, எங்கே போச்சுன்னு தெரியலையே" என்று அவளும் தேடினாள். அவ்வளவு நன்றாகத் தேடினாள். கடைசியில் அவன் ஓட்டைக்குள் குனிந்து என்னைப் பார்த்தான். அவன் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். கண்ணுக்குக் கீழே அக்காவுக்கு இருக்கிற அதே மச்சம்.

"நீங்க எங்கேயாவது பார்த்தீங்களாங்க? ஒரு நீலக் கவர்."

நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது.

"அவங்களை எதுக்குக் கேக்கறே, அது வாயில்லாப்பூச்சி" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை அவள் பையைக் கேட்டாள், கொடுத்தேன். வேலை முடிவதற்கு முன்பே கிளம்பி அவன் வீட்டுக்கு நடந்து போனாள். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று. அவள் அப்படிச் செய்யவில்லை. அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கடை திறக்கும் நேரத்தில் அவன் வந்து ஐந்தாம் மேசையில் நீலக் கவரை வைத்தது தெரியும். பள்ளத்தில் இன்னும் நெருப்பு இறக்கவில்லை.

"கப்பல் போயிடுச்சுக்கா."

"தெரியும்டா."

"ஆறு வருஷம்."

"தெரியும்."

"ஒரு கிண்ணம். ஒரு கிண்ணம் குறைஞ்சதுக்கா?"

"அந்தப் பெரியவருக்கும் ஒரு கிண்ணம்தான்டா குறைஞ்சது. உனக்குத் தெரியாது. நீ இருந்தாப் போதும் எனக்கு."

 அவனுடைய கைகள் கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. பிறகு சத்தமே உயராமல் சொன்னான்:

"எங்க மேசையில மூணு பேருதான்னு உன் கை சொல்லுச்சு, இல்லையா? சரியாத்தான் சொல்லியிருக்கு. இனிமே மூணு பேருதான். நானு, என் பொண்டாட்டி, என் பொண்ணு. உன் கை பொய் சொல்லலக்கா."

கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா துணியை எடுத்து அந்த மேசையைத் துடைத்தாள். கவர் இருந்த இடத்தை மட்டும். முதலாளியம்மா கூப்பிடும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கரி அண்ணன் யாரையோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். தம்பியின் இடத்துக்குப் போனவர் கப்பல் தளத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைக்கூட அனுப்பியிருக்கிறாராம்.

"அது வேற ஆளுடா" என்றாள் அக்கா. "அவரை நான் எண்ணலை."



அந்த மாதமே அக்கா முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். கரி அண்ணனுக்கு உதவி. கத்திரியைக் கழுவித் துடைத்து அந்தப் புதுப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு அவர்கள் வந்தார்கள். அந்தக் குழந்தைதான் அடம் பிடித்திருக்க வேண்டும். ஐந்தாம் மேசை. புதுப் பெண் எத்தனை பேர் என்று வாய்விட்டுக் கேட்டாள். மூணு என்றான் தம்பி. மூன்று வைத்தாள்.

"அத்தை எங்கேப்பா?"

"சாப்பிடு."

அந்த மேசைக்குக் கரி அண்ணன்தான் நெருப்பு கொண்டுபோனார். அக்கா பின்கட்டிலிருந்து வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவள் கனல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கை இடுக்கியைப் பிடித்திருந்தது. இடது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் மேல்கணுவில் அழுத்தி நின்றிருந்தது. மூன்று. கண்டிப்பாகத் தம்பி மூணு என்றது அங்கே வரை கேட்டிருக்காது. புகைக்குழாய்கள் எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் மாடிக்குப் போகின்றன, அதனால் கேட்டிருக்கலாம் என்றும் சொல்ல முடியும். மூன்று கிண்ணங்களும் எச்சிலோடு என்னிடம் திரும்பி வந்தன. கழுவினேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தம்பி இந்த ஊரிலேயே வயரிங் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான். அக்காவோடு பேசுவதில்லை. அக்கா பின்கட்டில் கரி பார்க்கிறாள், அவள் கைகள் இப்போது ஓட்டை வழியாக எனக்குத் தெரிவதில்லை. கடை திறப்பதற்கு முன் நாங்கள் ஏழு பேரும் இன்னும் ஒன்பதாம் மேசையில்தான் சேர்ந்து சாப்பிடுகிறோம். யாரும் யாருக்கும் கிண்ணம் வைப்பதில்லை. அவரவர் கிண்ணத்தை அவரவர் எடுத்துக்கொள்கிறோம்.